அஞ்சம்மாள் நிறுத்திய கார்

முறத்தைப் பார்க்காமல்தான் என் தங்கை அஞ்சம்மாள் பருப்புப் பொறுக்குவாள். கண் எதிரில் உட்கார்ந்திருப்பவள் முகத்தில் இருக்கும். வாய் பேசிக்கொண்டே இருக்கும். வலது கை விரல்கள் மட்டும் மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் வேர்க்கடலைப் பருப்புக்குள் துழாவி, சுருங்கியது, பூசணம் பூத்தது, வண்டு துளைத்தது என்று ஒவ்வொன்றாக விளிம்புக்குத் தள்ளும். பேச்சு நின்றால் விரலும் நின்றுவிடும். திண்டிவனத்தில் அவள் வேலை பார்க்கும் மண்டியில் மேஸ்திரி விருத்தாசலம் மற்ற பெண்களைப் பேசாதே என்று அதட்டுவார். இவளை அதட்டினால் மூட்டை குறையும் என்று அவருக்குத் தெரியும்.

நடக்காது என்று பிறர் சொன்ன பிறகு அவள் வென்றவை சில உண்டு. ஒன்பது வயதில் மயிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் வரப்பில் கண்ணாடி விரியன் கடித்தது; தூக்கிக்கொண்டு ஓடியவர்களே பாதி வழியில் அழத் தொடங்கிவிட்டார்கள்; பிழைத்தாள். இடது கால் மட்டும் சற்றுத் தாமதமாக வரும். குடித்துவிட்டு அடித்த கணவனை விட்டு, மகள் பவானியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். திரும்பிப் போகச் சொல்லி இரண்டு முறை ஊர் கூடிச் சொன்னது, போகவில்லை. குடும்பத் தலைவி என்று தன் பெயரிலேயே ரேஷன் அட்டை வாங்கினாள். திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்குக் குழாய் வர வேண்டும் என்று மரக்காணம் சாலையில் குடங்களோடு பெண்களை உட்கார வைத்தாள், குழாய் வந்தது. மண்டியில் வெயிலில் உட்கார்ந்து பொறுக்கியவர்களுக்குத் தகரக் கூரை வேண்டும் என்று ஒருநாள் எல்லாரையும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னாள், கூரை வந்தது.

இவை எதிலும் அவள் கையெழுத்து கிடையாது. எல்லாக் காகிதத்திலும் இடது பெருவிரல் ரேகைதான். 1993இல் எங்கள் ஊருக்கு அறிவொளி வகுப்பு வந்தது. அதே வருடம் அவளுக்குக் கல்யாணமும் வந்தது. தன் பெயரில் முதல் எழுத்து வரைக்கும் கற்றுக்கொண்டு புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் எட்டாவது வரை படித்தவன். சொல்லிக் கொடுக்கிறேன் என்று பலமுறை கூப்பிட்டிருக்கிறேன். "எழுதி இன்னாணா ஆவப் போவுது, நான் சொன்னா பத்தாதா?" என்பாள்.

பத்தும் என்பதுதான் உண்மை. அவள் சொன்னால் மண்டியில் மறுபேச்சு இல்லை.

அந்த மண்டியில் ஒரு வழக்கம் உண்டு. பொறுக்குகிறவர்களில் ஒருத்தி முந்தின நாள் இரவு தொலைக்காட்சியில் வந்த கதையைச் சொல்வாள். கதை சொல்கிறவளுக்குக் கை கொஞ்சம் மந்தப்படும் இல்லையா, அதற்கு ஈடாகக் கேட்கிறவர்கள் ஒவ்வொருவரும் தாங்கள் பொறுக்கி முடித்ததிலிருந்து ஒரு பிடி அள்ளி அவள் முறத்தில் போடுவார்கள். அதற்குக் கதைப்பிடி என்று பெயர். கதை நன்றாக இல்லையென்றால் பிடி சிறுக்கும். பொய் என்று பட்டால் பிடியே இல்லை. அஞ்சம்மாளுக்குக் கை மந்தப்படாது, பேசினால்தான் கையே ஓடும். ஆனாலும் பிடி வாங்கிக்கொள்வாள். அது கூலி இல்லை, மரியாதை என்பது அவள் கணக்கு.

2012ஆம் வருடம் கதைப்பிடி அவளுக்கு மட்டும்தான் வந்தது. காரணம் மின்வெட்டு. ஒரு மணி நேரம் கரண்டு இருந்தால் ஒரு மணி நேரம் இருக்காது. மண்டிப் பெண்கள் குடியிருக்கும் தெருக்களில் இரவு எட்டு மணிக்குச் சரியாகப் போய்விடும். எட்டு மணிக்குத்தான் 'ஆறாவது வார்டு' தொடர். நான் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருப்பவன். கடையில் லாரி பேட்டரியும் இன்வெர்ட்டரும் உண்டு. ரிப்பேருக்கு வந்து சரியாகிவிட்ட ஏதாவது ஒரு பெட்டியில் அவள் அந்தத் தொடரைப் பார்த்துவிடுவாள். மறுநாள் காலை மண்டி அதை அவள் வாயால் பார்க்கும்.

அந்தத் தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மரகதம் என்று ஒருத்தி. முதல் பாகத்தில் குழாயடியில் சண்டை போட்டுக் கவுன்சிலர் ஆனாள். இரண்டாம் பாகத்தில் எம்.எல்.ஏ. மூன்றாம் பாகத்தில் மந்திரி. முதல் பாகத்தில் அவளோடு குடம் தூக்கிய தோழி பச்சையம்மாள். முதல் இரண்டு பாகங்களும் ஓடியபோது எங்கள் பக்கத்தில் பெண்கள் மரகதத்தைச் சொந்தக்காரி மாதிரி பேசினார்கள். மூன்றாம் பாகம் வந்ததும் சண்டை தொடங்கியது.

என் கடைக்கு வாரா வாரம் ஒரு பத்திரிகை வரும், காத்திருக்கும் வாடிக்கையாளர்கள் புரட்டுவதற்கு. அதில் இந்தத் தொடரைப் பற்றி வாசகர் கருத்தும், ஒரு விமர்சகரின் பத்தியும் வரும். அதை அஞ்சம்மாள் மண்டிக்கு எடுத்துப்போவாள். பத்தாவது படித்த சங்கவி என்கிற பெண் மதியச் சாப்பாட்டின்போது உரக்கப் படிப்பாள். விழுப்புரத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், இரண்டாம் பாகத்தோடு நிறுத்தியிருந்தால் கௌரவமாக இருந்திருக்கும் என்று எழுதியிருந்தார். சென்னை வங்கி ஊழியர் ஒருவர், ஓர் அலுவலகத்தை அலுவலகமாகவே காட்டிய முதல் தொடர் இது என்று பாராட்டியிருந்தார். விமர்சகர் மூன்றாம் பாகத்தின் பக்கம். முதல் இரண்டு பாகங்களும் மக்கள் பார்க்க விரும்பியதைக் காட்டின, மூன்றாவது நடப்பதைக் காட்டுகிறது என்பது அவர் கட்சி.

மண்டியின் கருத்து வேறு. "மந்திரி ஆனதுலேர்ந்து அவ ஒரு வாய் சோறு துன்னு நான் கேக்கல" என்றாள் ஒருத்தி. ஏசி ரூமில் பசி எடுக்காதோ இன்னாமோ என்றாள் இன்னொருத்தி. வேர்க்கவே இல்லை, அதே புடவையைத் திரும்பக் கட்டவே இல்லை, வார்டு பேரையே எடுக்கவில்லை என்று குறைகள் வரிசையாக வந்தன. டி.வி.யில் அஞ்சம்மாள் மூஞ்சியைப் பார்க்கிறவள் இல்லை. நடிக்கிறவர்களின் கையைப் பார்க்கிறவள்.

"மொத பாகத்துல மரகதம் கை சும்மா இருந்து நீங்க பாத்திருக்கீங்களா? பேசிக்கினே குடத்த தேய்ப்பா, புள்ளைக்குப் பேன் பாப்பா. இப்ப ரெண்டு கையும் மேச மேல பொணமாட்டம் கெடக்குது."

விமர்சகரும் ஏறக்குறைய அதைத்தான் எழுதியிருக்கிறார் என்று சங்கவி படித்துக் காட்டினாள். மரகதத்தின் அசைவுகள் குறைந்துகொண்டே வருவது நுட்பமாகச் செய்யப்பட்டிருக்கிறது என்று இருந்தது.

"அவரு பாத்ததத்தான் நானும் பாத்தேன். அவருக்குப் புடிச்சிருக்குது. எனக்கு வயிறு எரியுது" என்றாள் அஞ்சம்மாள்.

அந்த மண்டியில் சின்னபொண்ணு என்று ஒருவர் இருக்கிறார். அஞ்சம்மாளைவிடப் பத்து வயது மூத்தவர். கணவர் லாரியில் மூட்டை ஏற்றும்போது விழுந்து இறந்துபோனார். விதவை உதவித்தொகைக்கு மனுக் கொடுத்துக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் ஒரு காகிதம் குறைகிறது என்று திரும்பி வந்து, பிறகு போவதையே விட்டுவிட்டவர். மூன்றாம் பாகத்தில் பச்சையம்மாளுக்கும் இதே கதை வந்தது. புருஷன் செத்துப்போய், ஒரு மனுவை எடுத்துக்கொண்டு, மந்திரியாகிவிட்ட மரகதத்தின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அந்த வாரம் முழுக்க நின்றாள். சின்னபொண்ணுவுக்கு அது டி.வி. கதையாக இல்லை. தினமும் காலையில் முதலில் கேட்பது அவர்தான்.

"இன்னா அஞ்சம்மா, உள்ள வுட்டாங்களா?"

"இன்னும் இல்ல க்கா. நாளைக்கி காரு வருதாம்."

பச்சையம்மாள் வேலை முடிகிற அன்றைக்குத் தானும் விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போவதாகச் சின்னபொண்ணு எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டார். மரகதமே கைவிட்டால் பிறகு தன் மனுவை யார் வாங்குவார்கள் என்றும் கேட்டார்.

அக்டோபர் மாதம் ஒரு புதன்கிழமை அந்தக் கார் வந்தது. நானும் அவளும் கடையில் உட்கார்ந்து பார்த்தோம். வாசல் கதவு திறக்கிறது. பச்சையம்மாள் மனுவை இரண்டு கையாலும் தூக்கிப் பிடிக்கிறாள். கார்க் கண்ணாடி கறுப்பாக இருக்கிறது. உள்ளே மரகதம் போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். வெளியே பார்க்கிறாளா இல்லையா என்று தெரியவில்லை. கார் போகிறது. அதோடு நாமும் காருக்குள்ளேயே போய்விடுகிறோம். அடுத்த காட்சி கோட்டையில் ஏதோ கூட்டம். விளம்பரம் முடிந்ததும் அஞ்சம்மாள், "அவ்ளோதானாணா?" என்று கேட்டாள். தெரியவில்லை, நாளைக்குக் காட்டலாம் என்றேன். பெட்டியை அணைக்கச் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலை மண்டியில் நடந்ததைச் சங்கவி பிறகு எனக்கு அப்படியே செய்து காட்டினாள். அஞ்சம்மாள் வாசலைச் சொன்னாளாம், காவல்காரனைச் சொன்னாளாம், கார் வளைந்து வந்ததைச் சொன்னாளாம். வழக்கத்தைவிட மெதுவாக. சின்னபொண்ணு முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"நின்னுதா?"

அஞ்சம்மாளின் விரல்கள் பருப்புக்குள் நின்றன. சங்கவி அதைப் பார்த்திருக்கிறாள்; அப்போது அர்த்தம் தெரியவில்லை.

"நின்னுது க்கா."

பிறகு விரல்கள் ஓடத் தொடங்கின. கண்ணாடி இறங்கியதாம். வளையல் போட்ட கை மட்டும் முதலில் வெளியே வந்ததாம். போனைக் காதிலிருந்து எடுத்து மடியில் போட்டுவிட்டு மரகதம் இறங்கினாளாம். மனுவை வாங்குவதற்கு முன்னால் பச்சையம்மாள் கையைத் திருப்பிப் பார்த்தாளாம், குடம் தூக்கிய காய்ப்பு இன்னும் இருக்கிறதா என்று. "மரகதம் கைல ஒண்ணுமே இல்ல, மெத்து மெத்துன்னு இருந்துது. அதப் பாத்து அவளுக்கே அழுவ வந்துடுச்சி" என்றாளாம் அஞ்சம்மாள். மண்டியே அழுதது. கதைப்பிடி விழுந்துகொண்டே இருந்தது. சின்னபொண்ணு இரண்டு பிடி போட்டார்.

அடுத்த நாள் அஞ்சம்மாள் மண்டிக்குப் போகவில்லை. குயிலாப்பாளையத்தில் கட்டிக்கொடுத்த மகள் பவானிக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்து போய்விட்டாள். அவள் இல்லாத அந்த நாளில்தான் பெண்கள் கூடிப் பேசி, மூன்றாம் பாகத்தை இத்தனை நாள் திட்டியது தப்பு, இந்த ஒரு காட்சிக்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம் என்று முடிவு செய்து, பத்திரிகைக்கு ஓர் அஞ்சல் அட்டை எழுதினார்கள். எழுதியவள் சங்கவி. கார் நின்றதையும், கையைத் திருப்பிப் பார்த்ததையும் விவரமாக எழுதி, கீழே மல்லாட்டை மண்டிப் பெண்கள், திண்டிவனம் என்று போட்டாள். அஞ்சம்மாள் ஊரிலிருந்து திரும்பிய அன்று அவர்கள் அதைச் சந்தோஷமாகச் சொன்னார்கள். அட்டை அதற்குள் தபால் பெட்டியில் விழுந்துவிட்டது.

அன்று திங்கட்கிழமை. சின்னபொண்ணுவும் மண்டியில் இல்லை. அங்கே மனு வாங்குவது திங்கட்கிழமைதான் என்று முதல் பஸ்ஸில் விழுப்புரம் போயிருந்தார்.

செவ்வாய்க்கிழமை அவர் வந்தார். மனு வாங்குகிற இடத்தில் எல்லாரும் வரிசையில் நின்றிருக்கிறார்கள். இவர் வரிசையில் நிற்கவில்லை. வண்டிகள் உள்ளே போகும் வழியில், பச்சையம்மாள் நின்றது போல, மனுவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஒரு கார் போயிருக்கிறது. அதில் யார் இருந்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. பிறகு இன்னொன்று. ஒரு பெண் போலீஸ், ஓரமாப் போம்மா, அடிபட்டுடப் போற என்று கையைப் பிடித்து விலக்கியிருக்கிறாள். வரிசைக்கு வருவதற்குள் அன்றைக்கு வாங்குவது முடிந்துவிட்டது. இதை யார் மேலும் குறையாகச் சொல்லவில்லை அவர். அஞ்சம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்.

"எனக்குத்தான் நிக்கத் தெரியல. பச்சையம்மா எந்தப் பக்கம் நின்னா? டிரைவரு பக்கமா, இந்தப் பக்கமா?"

இதைச் சொல்ல அஞ்சம்மாள் என்னிடம் வந்தபோது கடையில் ஒரு வாடிக்கையாளர் இருந்தார். அவர் போன பிறகுதான் சொன்னாள். இரண்டு பக்கத்தில் எதைச் சொன்னாலும் அந்த அம்மா அடுத்த திங்கட்கிழமை அங்கே போய் நிற்கும் என்றாள். "வரிசையிலயே நில்லு க்கா, அதுதான் சரின்னு சொன்னேன். அதுக்கு அது இன்னா சொல்லுது தெரியுமா? பச்சையம்மா வரிசைல நின்னாளான்னு கேக்குது."

நான் உண்மையைச் சொல்லிவிடு என்றேன். சொன்னால் அந்த அம்மா மனுவையே கிழித்துவிடும் என்றாள். சொல்லாவிட்டால் கார் முன்னால் நிற்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் என் தங்கை மூன்று வாரம் இருந்தாள். தினமும் தொடரைப் பார்த்தாள், ஒருநாளாவது பச்சையம்மாளைத் திரும்பக் காட்டுவார்கள், காட்டினால் தான் சொன்னதை எப்படியாவது அதோடு சேர்த்துவிடலாம் என்று. காட்டவில்லை. மண்டியில் கதை சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். பிடியும் விழுந்தது. சாயங்காலம் அந்தப் பிடிகளைத் தன் மூட்டையில் சேர்க்காமல் பொதுக் குவியலில் கொட்டிவிட்டு வருவதாக விருத்தாசலம் என்னிடம் ஒருநாள் ஆச்சரியப்பட்டார். சின்னபொண்ணுவை அடுத்தடுத்த திங்கட்கிழமைகளில் வேலை நிறைய இருக்கிறது என்று ஏதாவது சொல்லித் தடுத்தாள்.

அக்டோபர் கடைசியில் நீலம் புயல் அடித்தது. மண்டித் தகரத்தில் ஒன்று பறந்துபோய் மூட்டைகள் நனைந்தன. மழை விட்ட அன்று பருப்பைக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது என் கடைக்கு அந்த வாரப் பத்திரிகை வந்தது. அஞ்சம்மாள்தான் எடுத்துப் போனாள். உள்ளே என்ன இருக்கிறது என்று நான் பார்த்துச் சொல்லியிருந்தேன். எடுத்துப் போக வேண்டாம் என்றும் சொன்னேன். "வாரா வாரம் எடுத்துக்கினு போறேன். இந்த வாரம் இல்லன்னா கேப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

விமர்சகர் பத்தி முழுக்க மூன்றாம் பாகத்தைப் பற்றியது. காரை நிறுத்தாமல் போகவிட்ட இயக்குநரின் துணிச்சலைப் பாராட்டியிருந்தார். நம் ரசிகர்களால் இதைத் தாங்க முடியவில்லை என்பதற்கு ஒரு சான்று என்று சொல்லி, மண்டிப் பெண்களின் அட்டையை எடுத்துப் போட்டிருந்தார். திண்டிவனத்தில் மட்டும் தனியாக ஒரு காட்சி ஒளிபரப்பானது போலும், மின்வெட்டில் கண்ட கனவுக்கும் கண்ணீர் விடுகிறார்கள் என்று முடித்திருந்தார். அவர் சொன்னதில் பொய் இல்லை. கார் நிற்கவில்லை.

சங்கவி பாதி படித்ததும் பத்திரிகையை மடியில் வைத்துவிட்டாள். அட்டையை எழுதிய கை அவளுடையது. மீதியை வாங்கிப் படித்தது மேஸ்திரி விருத்தாசலம். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் வாய் சும்மா இருக்காது. "இனிமே மழ வருதுன்னு அஞ்சம்மா சொன்னா, வெளிய போயி கைய நீட்டிப் பாத்துக்குங்க" என்றார்.

சின்னபொண்ணு சாக்கில் பருப்பைப் பரப்பிக்கொண்டிருந்தவர் நிமிராமல் கேட்டார்.

"காரு நிக்கலயா அஞ்சம்மா?"

"நிக்கல க்கா."

"அப்ப அவ இன்னும் அங்கயேதான் நின்னுக்கினு இருக்கறாளா?"

மண்டியில் அவள் பதில் சொல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

அன்றோடு கதைப்பிடி நின்றது. யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கும் திட்டத் தெரியும். பக்கத்து மண்டிக்காரிகள் பஸ் நிலையத்தில் இவர்களைப் பார்த்து, இன்னாம்மா, நேத்து கனவுல இன்னா படம் என்று கேட்டார்கள். சங்கவி நாலு நாள் வேலைக்கே வரவில்லை. சின்னபொண்ணு தன் சாக்கை எடுத்துக்கொண்டு சல்லடை ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். இன்று வரை அங்கேதான். விழுப்புரத்துக்கு அவர் மறுபடி போகவில்லை.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடம் ஆகிறது. மூன்றாம் பாகத்துக்கு ஏதோ விருது கொடுத்தார்கள். பார்க்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று நாலாம் பாகம் எடுக்கவில்லை. இப்போது எங்கள் பக்கம் கரண்டு ஓரளவு ஒழுங்காக இருக்கிறது. அவரவர் வீட்டில் அவரவர் பார்த்துக்கொள்கிறார்கள். எப்போதாவது புதிதாகச் சேர்ந்தவள் எவளாவது, நேற்றுக் கதை என்ன என்று கேட்டால், "எங்க வீட்லயும் கரண்டு இல்ல மே" என்பாள் அஞ்சம்மாள். முறத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வாள். இப்போது அவள் முறத்தைப் பார்த்துத்தான் பொறுக்குகிறாள். ஒரு நாளைக்கு ஒரு மூட்டை குறைகிறது.

ஆனால் அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. பத்திரிகை வந்த அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வேண்டும். மண்டி விடுமுறை. வெளியே தூறிக்கொண்டிருந்தது. கடைக்கு வந்து, ஓர் அஞ்சல் அட்டை இருக்கிறதா என்று கேட்டாள். எடுத்தேன். விமர்சகருக்கு அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பேச்சுத் தமிழில் சொன்னதைப் படிக்கிற தமிழில் எழுதியது மட்டும்தான் என் வேலை.

"ஐயா, மந்திரி காரை நிறுத்தினாள் என்று சொன்னது நான். மண்டியில் மற்றவர்கள் நான் சொன்னதைக் கேட்டவர்கள். நீங்கள் பார்த்ததைத்தான் நானும் பார்த்தேன். கார் நிற்காததை நன்றாக எடுத்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள். ஆனால் கார் போன பிறகு பச்சையம்மாளை ஒரு தடவையும் காட்டவில்லை. அவள் அங்கேயே நிற்கிறாளா, வீட்டுக்குப் போனாளா, மனுவை என்ன செய்தாள் என்று எடுத்தவர்களுக்கும் தெரியவில்லை. உங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. மூன்றாம் பாகத்தில் குறை அதுதான். இங்கே ஒருவர் என்னைக் கேட்கிறார், என்னால் சொல்ல முடியவில்லை."

உங்களுக்கும் தோன்றவில்லை என்பதைக் கொஞ்சம் மரியாதையாக மாற்றட்டுமா என்றேன். "இருக்கட்டும்ணா" என்றாள். அந்த அட்டை அச்சில் வரவில்லை. வராது என்று இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது.

கீழே என்ன போடுவது என்று கேட்டேன். மண்டிப் பெண்கள் என்று போடவா, இல்லை வழக்கம்போல ரேகை வைக்கிறாயா என்று, கியாரண்டி அட்டைக்கு முத்திரை வைக்கிற மை டப்பாவை எடுத்து நகர்த்தினேன். அவள் மூடியைச் சாத்தித் திரும்ப என் பக்கம் தள்ளினாள்.

"அவங்க பேர போட்டதுனாலதான் இவ்ளோ பேஜாரு. எம் பேர எழுதிக் காட்டு."

ஒரு பழைய கியாரண்டி அட்டையின் பின்பக்கத்தில் பெரிதாக எழுதிக் காட்டினேன். மை எதுவும் இல்லாத இடது பெருவிரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பேனாவை வலது கையில் பிடித்தாள். 'அ' தடையில்லாமல் வந்தது. பத்தொன்பது வருடமாக அவளிடம் இருந்த எழுத்து. அடுத்ததற்கு வெகுநேரம் ஆனது. குடத்தை இடுப்பிலிருந்து தலைக்கு ஏற்றுகிறவள் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு வளைத்தாள். மற்ற எழுத்துகள் அட்டையின் ஓரம் வரை போய் இடமில்லாமல் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தன. புள்ளிகளை வைக்காமல் விட்டிருந்தாள். நான் சொல்ல வாயெடுப்பதற்குள், பருப்பிலிருந்து சொத்தையை எடுக்கிற அதே விரல்களால், மூன்று புள்ளிகளையும் கடைசியாக ஒன்றன்பின் ஒன்றாக வைத்தாள். பேனாவை மூடவில்லை. அட்டையை என் பக்கம் திருப்பி, தன் பெயருக்குக் கீழே விரலை வைத்து, தேதி போடு என்றாள்.

4-11-2012.